அப்பா எங்கே என்று தம்பி கேட்டான்

ஆர்கன் வாசிப்பவரின் மைத்துனி நர்ஸாக இருக்கிற மருத்துவமனையில், ஒரு நோயாளி தான் நரகத்துக்குத்தான் போகப்போவதாக எழுதிக் கையெழுத்தே போட்டுக் கொடுத்துவிட்டானாம். சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து பாட்டுப் புத்தகங்களை அடுக்கும் நேரத்தில் ஆர்கன்காரர் இந்தச் செய்தியை அவிழ்த்துவிட்டார். முதல் வரிசையிலிருந்து கடைசி வரிசைக்குப் போவதற்குள் கையெழுத்து சிவப்பு மையில் ஆகிவிட்டது. வாசலைத் தாண்டுவதற்குள் ரத்தத்தில் ஆகிவிட்டது.

"சாத்தானோட ஒப்பந்தமா?" என்று ஒரு அம்மா நெஞ்சில் கைவைத்துக் கேட்டாள்.

"ஒப்பந்தமும் இல்ல, ஒண்ணும் இல்ல. நீங்க பாட்டுக்கு ஏத்திவிடாதீங்க" என்றார் ஆர்கன்காரர், ஏற்றிவிட்டதே தான்தான் என்பதை மறந்து.

கடைசி வரிசையில் புத்தகம் அடுக்கிக்கொண்டிருந்தவளை எல்லோரும் லிஃப்டக்கா என்று கூப்பிடுவார்கள். அவள் கையை நிறுத்திவிட்டுக் கேட்டாள்: "சரியா என்ன எழுதினானாம்?"

"ஆஸ்பத்திரியில சேரும்போது ஒரு படிவம் தருவாங்களாம். அதுல போதகர் வந்து பார்க்கணுமா வேண்டாமான்னு ஒரு கேள்வி. டிக் போட்டுட்டுப் போக வேண்டியதுதானே? இவன் பக்கத்துல எழுதியிருக்கான். 'வேண்டாம். வேண்டாம் என்கிறவன் எங்கே போவான் என்று என் வீட்டிலேயே முன்பே சொல்லிவிட்டார்கள்' அப்படின்னு."

"ஆளு யாரு?"

"பேர் சொல்லக்கூடாதுன்னு மைத்துனி வாயைக் கட்டிக்கிட்டா. பஸ் ஓட்டுறவனாம். பொறந்ததுலேருந்தே இதயத்துல ஒரு வால்வு சரியில்லையாம். செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு நெஞ்சைத் திறக்குறாங்களாம்."

லிஃப்டக்காவின் கையிலிருந்த புத்தகங்கள் சரிந்தன. யாரோ "பாத்துக்கா" என்றார்கள். அவள் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். அந்த வால்வைப் பற்றி அவளுக்குத் தெரியும். ஏழு வயதுச் சிறுமியாக அந்தக் குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு, அதன் நெஞ்சில் காதை வைத்து 'டுப்'புக்குப் பிறகு வரும் அந்தச் 'ஷ்ஷ்' சத்தத்தைக் கேட்டவள் அவள். அவனிடம் அப்படிச் சொன்னது யார் என்பதும் அவளுக்குத் தெரியும். அவளேதான்.

இவளுடைய பிழைப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நகரத்தில் எத்தனையோ கட்டடங்கள். அவற்றில் எத்தனையோ லிஃப்ட்டுகள். ஏதாவது ஒன்று வழியில் நின்றுவிட்டால், உள்ளே இருப்பவர் மணிப் படம் போட்ட மஞ்சள் பொத்தானை அழுத்துவார். அது ஒரு பழைய அலுவலகக் கட்டடத்தின் இரண்டாம் மாடியில், ஜன்னலே இல்லாத ஒரு அறையில் ஒலிக்கும். அங்கே இரண்டு நாற்காலி, இரண்டு காதுக்கருவி, சுவர் முழுக்கச் சின்னச் சின்ன விளக்குகள். காலை ஏழு மணியிலிருந்து மாலை மூன்று வரை முதல் நாற்காலியில் லிஃப்டக்கா. இரண்டாம் நாற்காலியில் ரேடியோ என்று பெயர் வாங்கிய ஒரு பெண். வாயை மூடினால் செத்துப்போய்விடுவோமோ என்கிற பயம் அவளுக்கு.

அந்த வேலைக்கென்று ஒரு முறை உண்டு. எடுத்தவுடன் "நான் இங்கதான் இருக்கேன்" என்று சொல்ல வேண்டும். பெயர், முகவரி எல்லாம் அப்புறம்தான். எத்தனை பேர், விளக்கு எரிகிறதா என்று கேட்க வேண்டும். தரையில் உட்காரச் சொல்ல வேண்டும். உட்கார்ந்தவர்களுக்குப் பயம் பாதி இறங்கிவிடும். ஆள் கிளம்பாமல் ஆள் கிளம்பியாச்சு என்று பொய் சொல்லக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று: அழைத்தவர் வைக்கும் வரை நாம் வைக்கக்கூடாது. பதினொரு வருடத்தில் லிஃப்டக்கா ஒரு தடவைகூட முதலில் வைத்ததில்லை. கல்யாணப் பெண் ஒருத்தி மாட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் மாப்பிள்ளையைத் திட்டியபோதும் வைக்கவில்லை. மாட்டிக்கொள்ளாமலேயே, பேச ஆள் வேண்டும் என்பதற்காகத் தினமும் பொத்தானை அழுத்திய ஒரு பெரியவர் தன் பூனையின் வியாதிகளை வரிசையாகச் சொன்னபோதும் வைக்கவில்லை.

"அக்கா, நீங்க செத்தா சொர்க்கத்துக்கு லிஃப்ட்லதான் போவீங்க" என்பாள் ரேடியோ. "நடுவுல நின்னுச்சுன்னா யாருக்குப் போன் பண்ணுவீங்க?"

"உனக்குத்தான். நீ பேசுற பேச்சுல லிஃப்ட்டே ஓடிப்போயிரும்."

இப்படிப்பட்டவள், சொந்தத் தம்பியிடம் பேசிப் பதினான்கு வருடம் ஆகிறது.

அவர்களுடைய அப்பா பெயிண்டர். வீடுகளுக்கும் கடைகளுக்கும் வண்ணம் அடிக்கிறவர். மனைவி இறந்துபோன வருடத்தில் அவருக்கும் கடவுளுக்கும் ஏதோ பேச்சுவார்த்தை முறிந்துவிட்டது. அதற்கப்புறம் அவர் கோயிலுக்குள் கால் வைக்கவில்லை. ஆனால் இரண்டு வருடத்துக்கு ஒரு தரம் தானே ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்து கோயிலின் வெளிச்சுவர் முழுவதையும் சுரண்டி, பூசி, வெள்ளை அடித்துக் கொடுப்பார். யாராவது, "உள்ள வரலாமே, ஐயா" என்றால், "வெளிச்சுவர் என்னோடது, உள்சுவர் உங்களோடது. அவங்கவங்க பக்கத்தைச் சுத்தமா வெச்சுக்குவோம்" என்பார். ஞாயிறுதோறும் தெருவின் எதிர்ப்பக்கம் குடையோடு நின்று, ஆராதனை முடிந்ததும் பிள்ளைகளை வீட்டுக்குக் கூட்டிப்போவார்.

இருபது வயதுக்கு மேல் லிஃப்டக்காவுக்குப் பக்தி முற்றியது. ஞாயிறு பள்ளியில் பாடம் எடுத்தாள். துணி ஒட்டிய பலகையில் இரண்டு வழிகளை வரைந்து, ஒன்றின் முடிவில் சிவப்புக் கண்ணாடித்தாளைச் சுவாலை சுவாலையாக வெட்டி ஒட்டுவாள். பின்னால் டார்ச் அடித்தால் அது நிஜமாகவே எரிகிற மாதிரி இருக்கும். அந்தச் சுவாலைகளை வெட்டுவதில் அவளுக்கு ஒரு பெருமையும் இருந்தது; அதை இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

அப்பாவுக்கு நுரையீரல் போய், படுக்கையில் விழுந்தார். கடைசிக்கு முந்தின நாள், அப்போதிருந்த பழைய போதகரை அவள்தான் கூட்டிவந்தாள். போதகர் படுக்கை அருகே முழங்காலிட்டு, "மனந்திரும்பி ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றார். அப்பா ஒன்றும் பேசாமல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அதற்குப் பிறகு இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

அடக்கத்தன்று, குழியில் மண் விழுந்து முடிந்தபின், பத்தொன்பது வயதுத் தம்பி அவள் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டான்: "அக்கா, அப்பா இப்ப எங்க இருப்பாரு?"

குழியின் ஓரத்தில் நின்று பொய் சொல்வது பாவம் என்று அவள் நினைத்தாள். அவ்வளவுதான் காரணம். கோபம் இல்லை, வெறுப்பு இல்லை. "நமக்குத் தெரியும்டா. அவரு முகத்தைத் திருப்பிக்கிட்டாரு. நரகத்துக்குத்தான்."

"அவரு பெயிண்டருக்கா" என்றான் தம்பி. "எப்பவும் சுவரைத்தான பாப்பாரு."

"அப்படியெல்லாம் சொல்லி நம்மளை நாமே ஏமாத்திக்கக் கூடாது."

மறுவாரம் அவன் வேறு ஊருக்குப் போனான், பஸ் ஓட்டப் பழகினான், கல்யாணம் செய்துகொண்டான். உறவுக்காரர் வீட்டு விசேஷங்களில் எதிரெதிரே வந்தால் தலையசைப்பான். அவளும் அசைப்பாள். அவன் மனைவி மட்டும் வருடத்துக்கு ஒரு வாழ்த்து அனுப்புவாள்.

ஞாயிறு மதியம் வீட்டுக்கு வந்ததும் விஷயத்தைக் கணவரிடம் சொன்னாள். அவர் வீட்டின் முன்னறையிலேயே தைக்கிறவர். யாருடைய கால்சட்டையையோ நீளம் குறைத்துக்கொண்டிருந்தார்.

"போன் பண்ணு" என்றார், நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே.

"பண்ணி என்னங்க சொல்றது?"

"நீ சொன்னது தப்புன்னு சொல்லு."

"தப்புன்னு எனக்கே தெரியலையே. அப்பா பரலோகத்துல இருக்காருன்னு சொல்லவா? அன்னிக்குத் தெரியாம ஒண்ணு சொன்னேன். இன்னிக்குத் தெரியாம இன்னொண்ணு சொல்லவா?"

தையல்காரர் கால்சட்டையை மடியில் வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். "ஊர்ல லிஃப்ட்ல மாட்டிக்கிட்டவன் எல்லார்கிட்டயும் மணிக்கணக்காப் பேசுறே. கூடப் பொறந்தவன்கிட்ட மட்டும் அளவெடுத்துத் துணி வெட்டுற மாதிரி யோசிக்கிறே. வெட்டினப்புறம் யோசிச்சு என்ன பிரயோஜனம்? அன்னிக்கு வெட்டிட்டே. இப்ப தைக்கிற வேலையப் பாரு."

அவள் போனில் ஐந்து தடவை எழுதினாள். ஐந்து தடவையும் அழித்தாள். 'எப்படி இருக்கே' என்று எழுதினால் பதினான்கு வருடம் கழித்து இதென்ன கேள்வி என்று தோன்றியது. 'ஜெபிக்கிறேன்' என்று எழுதினால் அதுவே ஒரு குத்தல்போல் இருந்தது. செவ்வாய் பதினோரு மணி. அவனை உள்ளே கொண்டுபோய், திரும்பி வராமலே போனால்? அவன் அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு போவான்.

திங்கள் மாலை, வேலை முடிந்து நேராகக் கோயிலுக்குப் போனாள். பழைய போதகர் போய் நாளாகிவிட்டது. இப்போதிருப்பவர் அவளைவிடப் பத்து வயது இளையவர். அச்சு இயந்திரத்தின் வயிற்றைத் திறந்து வைத்துக்கொண்டு, முழங்கை வரை மை பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"பாஸ்டர், நரகம் இருக்கா, இல்லையா? நேராச் சொல்லுங்க."

"வாங்கக்கா. சும்மா இருக்கேன்னு எவ்வளவு சின்னக் கேள்வியோட வந்திருக்கீங்க" என்று சிரித்தவர், அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினார். "இருக்குன்னுதான் நான் நம்புறேன். இயேசுவே அதப் பத்திப் பேசியிருக்காரு. இல்லன்னு சொல்லி உங்களைத் தேத்தி அனுப்ப எனக்கு மனசு வராது."

"அப்ப எங்க அப்பா?"

"அது எனக்குத் தெரியாது."

"போதகரே தெரியாதுங்கலாமா?"

"தெரியாததைத் தெரியும்னு சொல்றதுக்கு இது மேல்தானே?" அவர் கையைத் துணியில் துடைத்தார், மை இன்னும் பரவியது. "அணையாத நெருப்புன்னு சொல்றவங்க சபையில நெறைய. அழிச்சு முடிச்சிட்டு அணையுற நெருப்புன்னு சொல்றவங்களும் உண்டு. அழுக்கை எரிச்சு ஆளைக் காப்பாத்துற நெருப்புன்னு சிலர். எழுப்புற நாள் வரைக்கும் செத்தவங்க தூங்குறாங்கன்னு சிலர். எல்லார் கையிலயும் ஒரே வேதம்தான். ஆனா ஒண்ணு. இயேசு செத்து எழுந்திரிக்கிறதுக்கு முன்னாடி, செத்தவங்க இருக்கிற எடத்துக்கு எறங்கினாருன்னு நாம வாராவாரம் எந்திரிச்சு நின்னு சொல்றோம், இல்லையா? சும்மா எட்டிப் பாத்துட்டு வரவா போயிருப்பாரு?"

அந்த வரியை லிஃப்டக்கா முப்பது வருடத்துக்கு மேலாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஒரு தடவைகூட நின்று யோசித்ததில்லை.

"தீர்ப்பு உண்டுக்கா. தீர்ப்புச் சொல்ற நாற்காலியும் உண்டு. அது உங்களோடது இல்ல. பதினாலு வருஷம் முன்னாடி ஒரு நிமிஷம் ஏறி ஒக்காந்துட்டீங்க, அவ்வளவுதான்."

"இதக் கொஞ்சம் மெதுவாச் சொல்லியிருக்கலாம்."

"மெதுவாத்தான் சொன்னேன்."

அவள் எழுந்தாள். வாசல்வரை போய்த் திரும்பி, "அந்தச் சின்னப் பல்சக்கரம் கீழ விழுந்து கெடக்கு, அதான் ஓட மாட்டேங்குது" என்று இயந்திரத்தைக் காட்டிவிட்டுப் போனாள். ஆனால் அன்றும் தம்பிக்கு அழைக்கவில்லை. தலைக்குள் போன விஷயம் விரல்நுனிவரை வர வேண்டாமா?

செவ்வாய் காலை ஏழு மணிக்கு நாற்காலியில் உட்கார்ந்தாள். எட்டு இருபதுக்கு ஒரு விளக்கு எரிந்தது. ஒரு குடியிருப்புக் கட்டடம். லிஃப்ட் மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே.

"நான் இங்கதான் இருக்கேன். எத்தனை பேர் இருக்கீங்க?"

"நீ யாரா இருந்தா எனக்கென்ன? ஒருத்தரும் வர வேண்டாம்." வயதான ஆண் குரல். "தெரியாம கைபட்டுருச்சு. வெச்சுத் தொலை."

"சரிங்க. வரச் சொல்லல. கீழ ஒக்காந்துக்குங்க, கதவுல மட்டும் கை வெக்காதீங்க."

"வேணாம்னு சொன்னா புரியாதா உனக்கு? யாரும் வரக்கூடாது!"

அவர் வைத்துவிட்டார். அவள் திரும்ப அழைத்தாள், எடுக்கவில்லை. மறுபடி அழைத்தாள், கெட்ட வார்த்தை ஒன்று வந்து விழுந்தது. ரேடியோ ஏற்கெனவே மெக்கானிக்கை அனுப்பியிருந்தாள். அவனுக்குச் சாவி என்று பெயர். லிஃப்ட்டின் வெளிக்கதவைத் திறக்கிற முக்கோணச் சாவியை எப்போதும் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிவான்.

ஒன்பதரைக்குச் சாவி அழைத்தான். "ஆள் வெளிய வந்தாச்சுக்கா. நல்லா இருக்காரு."

"ரொம்பத் திட்டினாரா?"

"ஒரு வார்த்தை பேசல. கதவைத் தொறக்கிறேன், மூலையில சுவரைப் பாத்துத் திரும்பி ஒக்காந்திருக்காரு. கூப்பிட்டாலும் திரும்பல. எனக்கே பக்குனு ஆயிருச்சு." சாவி குரலைத் தாழ்த்தினான். "பயத்துல நனைச்சிட்டாருக்கா. வெக்கம். அதான் யாரும் வர வேண்டாம்னு கத்தியிருக்காரு. என் சட்டையக் கழட்டிக் குடுத்தேன். இடுப்புல கட்டிக்கிட்டு நடந்து வீட்டுக்குள்ள போயிட்டாரு. நான் இப்ப பனியனோட நிக்கிறேன், வர்றவன் போறவனெல்லாம் சிரிக்கிறான்."

லிஃப்டக்கா சுவரில் அணைந்துபோன அந்த விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா? இருக்கீங்களா?"

"இருக்கேன்டா. அவரு வேணாம்னு அத்தனை தடவ சொன்னாரே. அப்புறம் எப்படிப் போனே?"

"மாட்டிக்கிட்டவங்க வேணும்பாங்க, வேணாம்பாங்க. அதக் கேட்டுட்டா போறோம்? வெளியேருந்து தொறக்கிற கதவுதானேக்கா அது" என்றான் சாவி, இதிலென்ன கேள்வி என்கிற மாதிரி.

கடைசி மூன்று நாள் அப்பாவின் படுக்கையை மாற்றியது யார்? அவள்தான். ஒரு நாளைக்கு நான்கு தடவை. பிள்ளைகள் எதிரே சட்டைப் பொத்தான்கூடத் திறந்து போடாத மனிதர் அவர். பெயிண்ட் சொட்டிய உடுப்போடு சாப்பாட்டு மேசைக்கு வரமாட்டார். போதகர் வந்த அன்று விரிப்பை மாற்ற நேரம் இருந்ததா? அவள் நினைத்துப் பார்த்தாள். இல்லை. போதகர் சீக்கிரம் வந்துவிட்டார். அறையில் அந்த நாற்றம் இருந்தது. அவள் ஜன்னலைத் திறந்துவிட்டு, "அப்பா, பாஸ்டர் வந்திருக்காரு" என்றாள்.

அதனால்தான் திரும்பிக்கொண்டாரா? தெரியாது. அதுவும் தெரியாது. ஆனால் பதினான்கு வருடமாக ஒரே ஒரு அர்த்தம்தான் உண்டு என்று அவள் அடித்துச் சொன்ன அந்த முதுகுக்கு, இப்போது இன்னொரு அர்த்தம் இருந்தது. அந்த மூலைக்கும், பாஸ்டர் சொன்ன அந்த ஒருவர் சட்டையைக் கழற்றிக்கொண்டு இறங்கியிருக்கலாம். இறங்கியிருப்பார் என்று நம்புவதற்கு யார் தடை சொன்னார்கள்?

மணி பத்து ஐந்து. காதுக்கருவியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

"என் விளக்கையும் சேத்துப் பாத்துக்க" என்றாள் ரேடியோவிடம்.

"எங்கக்கா போறீங்க? வேலை நேரத்துல நீங்க எந்திரிச்சே நான் பாத்ததில்லையே!"

"தம்பிக்குப் போன் பண்ணணும்."

இத்தனை வருடத்தில் அவளுக்கு ஒரு தம்பி இருப்பதே ரேடியோவுக்குத் தெரியாது. வாழ்க்கையிலேயே முதல்முறையாக அவளுக்குப் பேச்சு வரவில்லை. போ என்று கையை மட்டும் ஆட்டினாள்.

மாடிப்படி ஓரத்தில், தீயணைப்புக் குழாய்ப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று அழைத்தாள். மணி போனது. போய்க்கொண்டே இருந்தது. அதுவாகவே நின்றுவிட்டது. மறுபடி அழைத்தாள். மறுபடியும் நின்றது. உள்ளே கொண்டுபோய்விட்டார்களோ? அப்போது தம்பி மனைவியிடமிருந்து ஒரு செய்தி வந்து விழுந்தது.

'அண்ணி, இன்னும் கூட்டிட்டுப் போகல. பத்தரைக்குத்தான் போனை வாங்கிக்குவாங்க. போன் அவர் கையிலதான் இருக்கு. உங்க பேர் வர்றதப் பாத்துக்கிட்டே இருக்கார். எடுக்கவும் மாட்டேங்கறார், என்கிட்டக் கொடுக்கவும் மாட்டேங்கறார். விட்றாதீங்க.'

லிஃப்டக்கா அதை இரண்டு தடவை படித்தாள். அவள் எண்ணை அவன் அழிக்கவில்லை. திரையில் என்ன பெயர் வருகிறதோ? அக்கா என்றா? அவன் நெஞ்சுக்குள் அந்த 'ஷ்ஷ்' சத்தம் இப்போதும் கேட்டுக்கொண்டிருக்கும். இன்று அதைச் சரிசெய்துவிடுவார்கள்.

என்ன சொல்ல வேண்டும் என்பது இப்போது அவளுக்குத் தெரிந்திருந்தது. அப்பா எங்கேன்னு எனக்குத் தெரியாதுடா. தெரிஞ்ச மாதிரி சொன்னேன் பாரு, அதுதான் பொய். நீ சொன்னதுதான் சரி, அவரு சுவரைப் பாத்தாரு. நீ போயிட்டு வா, மிச்சத்தை நேர்ல பேசுவோம். ஆனால் அதெல்லாம் அப்புறம். முதலில் சொல்ல வேண்டியது வேறு ஒன்று. பதினொரு வருடமாக முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் சொல்லிச் சொல்லி நாக்கில் தயாராக நிற்கிற ஒன்று.

மற்றவர்களுக்குச் சொல்வதுபோலவே, சுவரில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்தாள். மணி பத்து பதினான்கு. மூன்றாவது தடவையாக அழைத்தாள்.

மணி போகிறது. பத்து மைலுக்கு அப்பால் ஒரு கட்டிலில், பச்சை அங்கி போட்ட ஒருவன் கையில் அது அதிர்கிறது. அவள் காதோடு ஒட்டி வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருக்கிறாள். இந்தப் பக்கத்திலிருந்து யாரும் வைக்கப்போவதில்லை.